பூனையைப் பார்க்க வாங்கிய வைஃபை கேமரா: ஒரு மாம்பழ சீசன் முழுக்கப் பயன்படுத்திய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூனையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், அது சாப்பிட்டதா, பல்லியைத் துரத்திக்கொண்டு திரைச்சீலையில் தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள இந்தக் கேமரா தாராளமாகப் போதும். கொடுத்த 2,300 ரூபாய்க்கு வஞ்சனை இல்லை. ‘நாம் இல்லாதபோது இது நம்மைத் தேடுகிறதா’ என்று தெரிந்துகொள்வதற்காக வாங்குகிறீர்கள் என்றால் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். நான் அதற்காகத்தான் வாங்கினேன். வெளியே சொல்லிக்கொண்ட காரணம் திருட்டு பயம்.

இருப்பது தர்மபுரி குமாரசாமிப்பேட்டை. வேலை கிருஷ்ணகிரியில், மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில். சீசன் வந்தால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரா காய் லாரி லாரியாக வந்து எடைமேடைக்கு முன்னால் வரிசை கட்டும். கடைசித் தோட்டக்காரருக்குச் சீட்டு எழுதி முடிக்காமல் யாரும் நாற்காலியை விட்டு எழ முடியாது. காலை ஏழரைக்கு வீட்டைப் பூட்டினால் திரும்ப இரவு ஒன்பதோ பத்தோ. வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமை இரவு வருவார். மகள் நாமக்கல் கால்நடைக் கல்லூரியில், ஹாஸ்டல். ஆக, வீட்டில் முழுநேரமும் குடியிருப்பவன் வெல்லம் ஒருவன்தான்.

வெல்லம் செம்மஞ்சள் நிறக் கடுவன். காய் இறக்கும் ஷெட்டில், காலி கிரேட்டுக்குள் கண் திறந்தும் திறக்காமலும் கிடந்ததை நான்தான் எடுத்துவந்தேன். பாலடை வைத்து ஊட்டி வளர்த்ததும் நான்தான். அந்த உரிமையில் ‘இவனுக்கு என் மேல் உயிர்’ என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதிலிருந்து வீட்டில் வழக்கு. “பூனைக்கு வீடுதான் சொந்தம், ஆளு கிடையாது. நீ வீட்டை வித்துட்டுப் போனா அது புது ஓனரோட இருந்துக்கும்” என்பது வீட்டுக்காரர் கட்சி. எதிர்வீட்டு ஆயா அதற்கும் ஒரு படி மேலே. நாய் நம்ம வீட்டுல நிறைய பிள்ளைங்க பொறக்கணும்னு சாமி கும்பிடுமாம், ஆளுக்கு ஒரு கை சோறு கிடைக்கும் என்று. பூனையோ, வீட்டுக்காரிக்குக் கண் தெரியாமல் போகவேண்டும் என்று கும்பிடுமாம், மீன் சட்டியில் தாராளமாகத் தலையை விடலாம் என்று. இதைச் சொல்லிவிட்டு, தினமும் மதியம் என் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய் அவனுக்குச் சோறு வைப்பதும் அதே ஆயாதான்.

கேமராவுக்கு வருகிறேன். நாலு ரோடு பக்கம் ஒரு மொபைல் கடையில் வாங்கியது. கம்பெனிப் பெயர் போடவில்லை. இந்த விலைக்குள் வரும் நாலைந்து பெட்டியையும் கடைப்பையன் பிரித்துக் காட்டினான், எல்லாம் அக்கா தங்கை முகம். உருண்டைத் தலை, தட்டையான அடி, போனில் விரலால் தள்ளினால் தலை சுற்றும். எஸ்டி கார்டு தனியாக வாங்க வேண்டும். 64 ஜிபி போட்டிருக்கிறேன். நிறைந்ததும் பழையதை அழித்து மேலே மேலே எழுதிக்கொள்ளும், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். படம் பகலில் நல்ல தெளிவு. மீசை முடியை எண்ணலாம் என்று விளம்பரத்தில் சொல்வதெல்லாம் இல்லை, ஆனால் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும். பூனை வைத்திருப்பவர்களுக்கு அது போதும், அதன் பாதிப் பேச்சு காதில்தான்.

செட் பண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு ரவுட்டரில் 2.4, 5 என்று இரண்டு வைஃபை பெயர் வரும். இந்த விலைக் கேமராக்கள் பெரும்பாலும் 2.4-ல் மட்டும்தான் ஒட்டும். போனையும் அதிலேயே வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் ஐந்து நிமிட வேலை. கூடவே வரும் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். படுக்கையறைப் பக்கம் முகம் காட்டி வைக்காதீர்கள். நான் ஹால் ஷோகேஸ் மேல் வைத்திருக்கிறேன். வாசல் கதவு, ஜன்னல், சோபா, சோற்றுக் கிண்ணம் நான்கும் ஒரே பார்வையில் விழுகிறது.

முதல் குறை, கரண்ட். கேமராவுக்குள் பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், கேமராவும் கண்ணை மூடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை நிறுத்தும் நாளில் நான் கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரவுட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் வருகிறது, அதிலேயே கேமராவுக்கும் ஒரு ஒயர் இழுக்க முடியும் மாடலாகப் பார்த்து வாங்கினால் கொஞ்ச நேரமாவது தாங்கும்.

இரண்டாவது குறை, நச்சரிப்பு. அசைவு தெரிந்தால் போனுக்குத் தகவல் வரும் என்பது வசதி. ஃபேன் காற்றில் திரைச்சீலை ஆடினாலும் வரும், பல்லி ஓடினாலும் வரும், வெயில் நகர்ந்தாலும் வரும். ‘செல்லப்பிராணி அசைந்தால் மட்டும்’ என்று பிரித்துச் சொல்ல மாதாமாதம் பணம் கட்டச் சொல்கிறது. கட்டவில்லை. தகவலை மொத்தமாக அணைத்துவிட்டு, வேலை ஓய்ந்த நேரத்தில் நானே திறந்து பார்ப்பதோடு சரி.

இப்போது அசல் விஷயம். ஆரம்பத்தில் பார்த்தது எனக்கு ஏமாற்றம்தான். நான் கதவைப் பூட்டியதும் வெல்லம் ஜன்னல் திட்டில் ஏறி நிற்கிறான். ஸ்கூட்டி கிளம்பிப் போகும் வரை காது மட்டும் அந்தப் பக்கம் திரும்புகிறது. அப்புறம் இறங்கி, சோபாவில் நான் மடிக்காமல் போட்டுவிட்டுப் போன துணிக்குவியலின் மேல் சுருண்டுகொள்கிறான். அவ்வளவுதான். பத்து மணிக்குத் திறந்தாலும் தூக்கம், பன்னிரண்டுக்குத் திறந்தாலும் தூக்கம், தலை மட்டும் இடம் மாறியிருக்கும். வாசலைப் பார்த்து ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று கற்பனை செய்தவளுக்கு எப்படி இருக்கும்! வீட்டுக்காரர் போனில் சிரித்த சிரிப்பு ஓசூரிலிருந்து நேராகவே கேட்டிருக்கும்.

மகள்தான் சமாதானம் சொன்னாள். வளர்ந்த பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். விடியலிலும் அந்தியிலும் வேட்டையாடுகிற உடம்பு, பகலில் சும்மா முழித்துக்கொண்டு சக்தியை வீணாக்காது. “தூங்குறதை வெச்சுப் பாசத்தை அளக்காதம்மா. எங்க தூங்குறான்னு பாரு” என்றாள். பார்த்தேன். ஃபேனுக்கு நேர் கீழே குளிர்ந்த தரை இருக்கிறது, சோபாவின் மறுமூலையில் அவனுக்கென்று வாங்கிய மெத்தை இருக்கிறது, அது 600 ரூபாய். இரண்டையும் விட்டுவிட்டு என் வேர்வைப் புடவை மேல்தான் படுக்கிறான். துவைத்து மடித்த துணி இருந்தால் சீண்டுவதில்லை. இதை நான் பாசக் கணக்கில் எழுதினேன், வீட்டுக்காரர் ‘மெத்துனு இருக்கும், படுக்கறான்’ என்று எழுதினார்.

இங்கே கேமராவின் பேசும் வசதியைச் சொல்ல வேண்டும். போனில் மைக் பொத்தானை அழுத்திப் பேசினால் அங்கே ஸ்பீக்கரில் கேட்கும். இரண்டு மூன்று நொடி தாமதம் உண்டு, குரலும் தகரடப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. ஒரு மதியம் சாப்பாட்டு இடைவேளையில் “வெல்லம்… டேய் வெல்லக்கட்டி” என்று கூப்பிட்டேன். தூக்கத்திலிருந்து தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. முதலில் வாசல் கதவைப் பார்த்தான். எழுந்துபோய்க் கதவுக்கு அடியில் மூக்கை வைத்து மோந்தான். மறுபடி கூப்பிட்டேன். இப்போது சத்தம் வந்த இடத்தைப் பிடித்துவிட்டான். ஷோகேஸ் மேல் தாவி, கேமராவுக்கு முன்னால் வந்து நின்று, அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். திரை முழுக்க மூக்கும் மீசையும். பிறகு அறைக்குள் ஒரு சுற்று, படுக்கையறை வாசல் வரை ஒரு நடை, திரும்பி வந்து உட்கார்ந்து கேமராவையே முறைத்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப்பின் பகலில் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன். ஆள் இல்லாமல் குரலை மட்டும் அனுப்புவது அவனைப் போட்டு அலைக்கழிப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. கேமரா வாங்குகிறவர்கள் இந்த வசதியைத் தினசரி விளையாட்டாக்க வேண்டாம்.

இதை மகளிடம் சொன்னபோது அவள் ஜப்பான் ஆராய்ச்சிகளைப் பற்றிச் சொன்னாள். 2013-ல் சைட்டோ என்பவரும் இன்னொருவரும் 20 பூனைகளுக்கு அதனதன் வீட்டிலேயே வேற்றாள் குரல்களையும் வளர்ப்பவர் குரலையும் ஒலிபரப்பிப் பார்த்திருக்கிறார்கள். வளர்ப்பவர் குரலைப் பூனைகள் பிரித்து அறிந்தன. எப்படிக் காட்டின தெரியுமா? காதை அசைத்து, தலையைத் திருப்பி. பதிலுக்குக் கத்தவும் இல்லை, எழுந்து வரவும் இல்லை. ‘கூப்பிட்டால் வராது, அதனால் அதற்கு நம்மைத் தெரியாது’ என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. தெரியும், எழுந்து வருவது அதன் இஷ்டம். 2021-ல் கியோட்டோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்ததுதான் என் மதியக் கூத்துக்கு இன்னும் பொருத்தம். வளர்ப்பவர் குரலை முதலில் ஓரிடத்திலிருந்தும், உடனே இன்னொரு இடத்திலிருந்தும் ஒலிக்கவிட்டார்கள். ‘அங்கே இருந்த ஆள் அதற்குள் இங்கே எப்படி?’ என்று பூனைகள் திகைத்தனவாம். கண்ணில் படாத ஆள் எங்கே இருக்கிறார் என்ற கணக்கு அதன் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது அதன் பொருள். நாள் முழுக்கத் தூங்குகிறவன் என்று நான் நினைத்தவன் ‘அவள் வெளியே போயிருக்கிறாள்’ என்பதை எங்கோ ஓரமாகக் குறித்துவைத்துக்கொண்டு தூங்குகிறான் போலிருக்கிறது.

இன்னொன்று. 2022-ல் பாரிஸில் 16 பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு. நாம் பெரியவர்களிடம் பேசுகிற குரலும், பூனையிடம் கொஞ்சுகிற குரலும் வேறு வேறு. வளர்ப்பவர் சாதாரணக் குரலிலிருந்து கொஞ்சும் குரலுக்கு மாறியபோது பூனைகள் கவனித்தன, அதையே வேற்றாள் செய்தபோது கண்டுகொள்ளவில்லை. ஓசூரிலிருந்து வீட்டுக்காரர் கேமரா வழியாக “செல்லம், பட்டு” என்று இழைந்தபோது வெல்லம் காலை நக்கிக்கொண்டிருந்த காட்சி எஸ்டி கார்டில் பத்திரமாக இருக்கிறது. கேட்டால் அனுப்புவேன்.

கேமராவின் மிகப் பெரிய லாபம் நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. ஆயா. முதல் நாளே ஆயாவைக் கூட்டிப்போய்க் கேமராவைக் காட்டி, “இதுல நீங்க தெரிவீங்க ஆயா” என்று சொல்லித்தான் வைத்தேன். மற்றவர் புழங்கும் இடத்தில் கேமரா வைத்தால் சொல்லிவிடுவதுதான் முறை. ஆயா தலையைச் சீவிக்கொண்டு வந்து ஒருமுறை கையாட்டிவிட்டு, அப்புறம் அதை மறந்தே போய்விட்டார். மதியம் தயிர்ச்சோறில் மீன் முள் எடுத்துப் பிசைந்து வைப்பார். கே.ஆர்.பி. டேம் ஜிலேபி மீன் கிடைக்கும் நாளில் வெல்லத்துக்குத் திருவிழா. நடுவில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார், அதைக் கேமராவில் பார்த்துத்தான் நிறுத்தச் சொன்னேன். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் இருக்கும் சர்க்கரை செரிக்காது, வயிறு கழியும். அவனுக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது. காரணம் தெரியாமல் நான் மீனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் அவன் ஆயா வைத்த சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவான். ஆயா “வாடா இங்க” என்று சோபாவைத் தட்டுவார், அவன் ஜன்னலுக்குப் போய்விடுவான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், மறைப்பானேன். சோறு வைக்கிற கைக்குத்தான் வாலாட்டும் என்றால் அந்தக் கை ஆயாவுடையது. சீசன் முழுக்க நான் அவனுக்கு ஒருவேளைச் சோறு வைக்கவில்லை, இரவு பத்து மணிக்கு வந்து குளித்துவிட்டு விழுகிறவள். என்னிடம்தான் வந்து படுக்கிறான். வீட்டுக்காரரின் வாதம் இதோடு தோற்றது என்று எழுத இருந்தேன்.

ஜூலை நடுவில் ஒரு மதியம் திறந்தால், டிவியில் சீரியல் ஓடுகிறது, ஆயா சோபாவில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்குகிறார், அவர் காலடியில், பாதத்தின் மேல் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு வெல்லம். அதற்குப்பின் கவனித்தேன். ஆயா வரும் நேரம் நெருங்கினால் அவன் துணிக்குவியலிலிருந்து இறங்கிக் கதவுப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறான். வந்ததும் கிண்ணத்துக்கு ஓடவில்லை. வாலைக் கொடிக்கம்பம் போல் நிமிர்த்திக்கொண்டு அவர் கால்களுக்கிடையே எட்டுப் போடுகிறான், அப்புறம்தான் சோறு. ஆயாவும் பேசிக்கொண்டே இருக்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன் போன் பண்ணவில்லை என்பது, முழங்கால் வலி, ரேஷனில் இந்த மாதம் பருப்பு வரவில்லை. வெளியில் பார்த்தால் “அந்தச் சனியன் பூனைக்குச் சோறு வெக்கப் போறேன்” என்கிற அதே ஆயா. ஒலியோடு பதிவாவதை அவருக்கு ஒருமுறை நினைவூட்டினேன். “பதிவானா ஆவட்டும், என் பையனுக்குப் போட்டுக் காட்டு” என்றார். அதற்கப்புறம் ஆயா இருக்கும் அரைமணி நேரம் நான் கேமராவைத் திறப்பதில்லை.

பொறாமையாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. மகள் இன்னொரு ஆய்வைச் சொன்னாள், 2017-ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. சாப்பாடு, பொம்மை, வாசனை, மனிதரோடு கொஞ்சுவது, இந்த நான்கில் எதற்கு முதலில் போகிறது என்று விட்டுப் பார்த்ததில், ஏறக்குறைய பாதிப் பூனைகள் மனிதரிடம் போயின. சாப்பாடு அதற்கு அடுத்ததுதான். அதனால் ஆயா கால்மேல் படுத்தது மீனுக்காக என்றும் நான் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

சந்தேகப்பட வேண்டிய இடங்களும் கேமராவில் தெரிகின்றன, அதையும் எழுத வேண்டும். பூனை கன்னத்தைத் தேய்த்தால் கொஞ்சல் என்று நாம் உருகுகிறோம். கன்னம், நெற்றி, வாலடி எல்லாவற்றிலும் அதற்கு மணச்சுரப்பிகள் உண்டு. தேய்த்து ‘இது என் புழக்கம்’ என்று முத்திரை வைக்கிறது. வெல்லம் என்னைத் தேய்க்கிறான், ஆயாவைத் தேய்க்கிறான், கேஸ் சிலிண்டரையும் தேய்க்கிறான். ஒருநாள் கேமராவையே கன்னத்தால் தள்ளித் தள்ளி ஷோகேஸிலிருந்து கீழே விழவைத்தான், அன்று முழுக்க எனக்குக் கிடைத்த காட்சி சோபாவின் அடிப்பாகம். (விழுந்தும் உடையவில்லை, இது விமர்சனத்தில் சேர வேண்டிய பிளஸ். அடியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டிவிட்டேன்.) ஆகவே தேய்ப்பது பாசத்துக்கு மட்டுமே சாட்சி ஆகாது. உருளுவதும் அப்படித்தான். கொல்லையில் குப்பைமேனி பிடுங்கிப் போட்டிருந்தேன். அந்த வேரை மோந்துவிட்டு வெல்லம் என் காலடியில் புரண்டு புரண்டு மயங்கினான். பக்கத்துப் பெண் “அக்கா, உங்க மேல என்ன பிரியம் பாருங்க” என்றாள். பிரியம் வேர் மேல். அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. பூனையை இப்படி மயக்கும் செடியை ஆன்லைனில் கேட்னிப் என்று காசு கொடுத்து வாங்குகிறவர்கள் முதலில் கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள்.

அப்படியானால் எதை நம்புவது? மகள் லீவுக்கு வந்தபோது ஒரு சோதனை செய்தோம். இதற்கும் கேமரா உதவியது, கையடக்கமாக இருப்பதால் பிளக்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். வெல்லம் போயே இராத பாலக்கோட்டுத் தங்கை வீட்டுக்கு அவனை மூடிபோட்ட கூடையில் கொண்டுபோனோம். அந்தச் சோதனை, ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் விட்டாலியும் கூட்டாளிகளும் 2019-ல் வெளியிட்ட முறை. புது அறையில் பூனையோடு வளர்ப்பவர் 2 நிமிடம், பூனை தனியாக 2 நிமிடம், மறுபடி சேர்ந்து 2 நிமிடம். கைக்குழந்தைகளுக்கு உளவியல்காரர்கள் வைத்த சோதனையின் சுருக்கம். திரும்பி வந்தவரைக் கண்டதும் பூனை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

தங்கை வீட்டில் தக்காளி வியாபாரம். அறையில் ஒரு கட்டில், சுவரோரம் அடுக்கிய தக்காளி கிரேட்டுகள். நான் தரையில் உட்கார்ந்தேன். வெல்லம் கூடையிலிருந்து இறங்கி என் புடவை மடிப்புக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு நின்றான். வால் தரையோடு. கொஞ்சநேரம் கழித்துக் கட்டில் காலை மோந்தான், திரும்பி வந்தான், மறுபடி போனான். மகள் கைகாட்ட, எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே நடந்ததைப் பிறகு கேமராவில்தான் பார்த்தேன். கதவிடுக்கில் முகத்தை வைத்து நின்றுகொண்டு ஒரு கத்தல். வீட்டில் சோற்றுக்குக் கத்துவது குட்டையாக, அதட்டலாக இருக்கும். இது அடித்தொண்டையிலிருந்து நீளமாக, முடிவில் இறங்கி. குட்டியாகக் கிரேட்டுக்குள் கிடந்தபோது கேட்டதற்கப்புறம் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கதவைத் திறந்தேன். வால் சட்டென்று நிமிர்ந்தது. வந்து முழங்காலில் ஒரு முட்டு, சுற்றி ஒரு நடை, கையில் ஒரு முட்டு. அவ்வளவுதான், தக்காளி கிரேட்டை மோந்து பார்க்கப் போய்விட்டான்.

“இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? மடியில ஏறி அழும்னு நினைச்சேன்” என்றாள் தங்கை. மகளோ கைதட்டுகிறாள். மடியை விட்டு இறங்காமல் ஒட்டிக்கொண்டால் அது பதற்றம் அடங்காத பிணைப்பு. திரும்பிப் பார்க்காமல் ஒதுங்கினால் அது வேறு வகை. வந்து தொட்டுவிட்டு, தைரியம் வந்து, அறையை ஆராயப் போவதுதான் உறுதியான பிணைப்பாம். விட்டாலியின் ஆய்வில் வகைப்படுத்த முடிந்த 70 குட்டிகளில் 64 சதவீதத்துக்குச் சற்று மேலும், 38 வளர்ந்த பூனைகளில் 66 சதவீதத்தை ஒட்டியும் இப்படி இருந்தன. கைக்குழந்தைகளிலும் கிட்டத்தட்ட 65 சதவீதம்தான்.

வீட்டுக்காரர் விடவில்லை, எதிர்க்கட்சி ஆய்வு இருக்கும், அதையும் சொல் என்றார். இருக்கிறது. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தின் பாட்டரும் மில்ஸும் 2015-ல் 20 பூனைகளை வைத்துச் செய்தது. வளர்ப்பவர் வெளியே போனபோது, வேற்றாள் போனதைவிடப் பூனைகள் கூடுதலாகக் கத்தின. மற்றபடி, பாதுகாப்புக்காக அவை வளர்ப்பவரை நம்பியிருப்பதற்கான அடையாளம் தெரியவில்லை, பூனை தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற பிராணி என்று முடித்தார்கள்.

எனக்கு இரண்டும் மோதுவதாகத் தோன்றவில்லை. சொந்த வீட்டில் வெல்லத்துக்கு நான் தேவையில்லை. அவன் தூக்கமே அதற்குச் சாட்சி. பாலக்கோட்டில் தேவைப்பட்டேன். தேவைப்படுவதும் பிரியமாக இருப்பதும் ஒன்றா என்ன? வீட்டுக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் சனி வரை ஓசூரில் நான் இல்லாமல் நிம்மதியாகத்தான் இருக்கிறார். சனிக்கிழமை இரவு வந்து பையை வைத்து, ‘சாப்டியா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிவி ரிமோட்டைத் தேடுகிறார். இந்த மனுஷனுக்குப் பாசம் இல்லை என்று எந்தப் பல்கலைக்கழகமாவது எழுதட்டும் பார்ப்போம். இதை அவரிடமே சொன்னேன். அத்தோடு வழக்கு முடிந்தது.

கேமராவால் ஆகாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். குர்குர் சத்தம் பதிவாவதில்லை. ஆயா காலில் படுத்திருந்தபோது நிச்சயம் குர்குர் என்றிருப்பான், ஸ்பீக்கரில் ஃபேன் இரைச்சல்தான் வருகிறது. அந்தச் சத்தத்திலேயே இரண்டு வகை உண்டு என்று 2009-ல் கேரன் மெக்கோம்ப் என்பவர் பதிவு செய்து காட்டியிருக்கிறார். சோறு கேட்கும் குர்குருக்குள் ஒரு மெல்லிய அழுகைக் குரல் ஒளிந்திருக்கும், அதனால்தான் நம்மால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருக்க முடிவதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு என் காதோரம் வருவது அந்த வகை. இரவில் வயிற்றின் மேல் படுத்துக்கொண்டு வருவது வேறு, அதில் அவசரம் இல்லை. இதையெல்லாம் காது வைத்துக் கேட்க வேண்டும், ஆப்பில் கேட்காது. மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பதும் அப்படித்தான். நாம் பூனையைப் பார்த்து நிதானமாகக் கண்ணைச் சுருக்கி மூடித் திறந்தால் அதுவும் திருப்பிச் செய்யும் என்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் எழுதியிருக்கிறார்கள். நேரில் செய்கிறான். கேமராவைப் பார்த்து ஒருநாளும் செய்ததில்லை.

இரவுப் படம் பரவாயில்லை. கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருப்பதால் இரண்டு டார்ச் லைட் நடமாடுவது போல் தெரிவான், முதல்முறை பார்க்கிறவர்கள் அலற வேண்டாம். தலை சுற்றும்போது மோட்டார் சத்தம் நமக்குக் கேட்காத அளவு மெல்லியது. ஆனால் மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனைக்கு 60-ஐத் தாண்டியும் கேட்கும். கேமரா திரும்பும்போதெல்லாம் அவன் காது திரும்புகிறது. தூங்குகிறவனை எழுப்பாமல் பார்க்க வேண்டுமானால் தலையைச் சுற்றாமல் ஒரே கோணத்தில் விட்டுவிடுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். மாதச் சந்தா கேட்டு நச்சரிப்பதற்காக ஒன்றைக் குறைத்தேன். அடாப்டர் ஒயர் நீளம் போதாது, கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கிக்கொள்ளுங்கள், பூனை கடிக்காமல் சுவரோடு ஒட்டுங்கள். ஆப்பில் குடும்பத்தாருக்குப் பகிரும் வசதி இருக்கிறது, மகளுக்கும் வீட்டுக்காரருக்கும் கொடுத்திருக்கிறேன். பகிரும்போது ‘பார்க்க மட்டும்’ என்று கொடுங்கள், பேசும் அனுமதி கொடுத்துவிடாதீர்கள். ‘பூனைக்கு ஆள் கிடையாது, வீடுதான்’ என்ற மனிதர் இப்போது நைட் ஷிஃப்ட் இடைவேளையில், இரவு இரண்டு மணிக்கு, “டேய் வெல்லம், அப்பாதாண்டா, இங்க பாரு” என்று ஹாலிலிருந்து குரல் கொடுக்கிறார். எழுந்து உட்காருவது நான்தான், வெல்லம் காதைக்கூட அசைப்பதில்லை.